கூட்டாளிகளைச் சேர்ப்பது: ஏழு படிகள்

சரக்கு வாங்குவதும் நீங்கள், அரைப்பதும் நீங்கள், பொட்டலம் கட்டுவதும் நீங்கள், கடை கடையாக ஏறி இறங்குவதும் நீங்கள் என்றால், அந்தத் தொழில் உங்கள் உடம்பு தாங்கும் அளவுக்குத்தான் வளரும். லாபத்தோடு ஊருக்கும் ஒரு பயன் வரவேண்டும் என்று நினைக்கும் சமூகத் தொழிலுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. சந்தை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் ஊர்களில் நல்ல சாலை, சோதனைக்கூடம், கடன், நம்பிக்கையான விற்பனையாளர் எல்லாமே ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்களோடு சேர வேண்டும்.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: ஒரு கண்ணிப் பட்டியல் (தொழிலின் வேலைகளைச் சங்கிலிக் கண்ணிகள்போல் வரிசையாகப் பிரித்து எழுதியது), ஒரு பக்க ஒப்பந்தம், ஒரு மாதக் கணக்குத் தாள். எழுதிக்கொண்டே படியுங்கள்.

அத்தியாயம் முழுவதற்கும் ஒரே கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரியில் பத்துப் பெண்கள் சேர்ந்து மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகுப் பொடிகள் அரைத்துத் திருப்பூணித்துறை வீடுகளுக்கு விற்க நினைக்கிறார்கள். நீங்கள் ஈரோட்டில் துணிப்பை தைப்பவராக இருந்தாலும் படிகள் இவையேதான். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: பக்கத்திலேயே மூன்று பாடங்கள்

சேக்குட்டி. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தறிகள் மூழ்கின. ஓணம் விற்பனைக்காக நெய்து அடுக்கிய சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் ஊறிப்போயின. கறை போகாத துணியை எரிப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலையில், வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும் சுற்றுலா நிறுவனம் நடத்தும் கோபிநாத் பாறயிலும் அதைச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டிச் சின்னப் பொம்மைகளாக்கும் யோசனையோடு வந்தார்கள். பொம்மை ஒன்று 25 ரூபாய். ஒரு சேலையில் 360 பொம்மைகள். அதாவது 9,000 ரூபாய். நல்ல நிலையில் விற்றிருந்தால்கூட அந்தச் சேலைக்கு 1,300 அல்லது 1,500 ரூபாய்தான் கிடைத்திருக்கும். துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துடையது, வடிவம் ஒருவருடையது, தொடர்புகள் இன்னொருவருடையவை, பொம்மை கட்டிய கைகள் தன்னார்வலர்களுடையவை, பணம் நெசவாளர்களுக்கு. யாரிடம் எது இருந்ததோ அதைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஜனகீய ஹோட்டல். கேரள அரசு 2020 பட்ஜெட்டில் அறிவித்த திட்டம். 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு. சமைத்துப் பரிமாறியவர்கள் கேரளத்துப் பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள். இடமும் தண்ணீரும் மின்சாரமும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அரிசி மலிவு விலையில் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் எழுந்தன. பிறகு பல இடங்களில் மானியம் பாக்கி விழுந்தது. 2023 ஆகஸ்டில் மானியமே நின்றது. சாப்பாடு 30 ரூபாயானது. மளிகைக் கடையில் பாக்கி வைத்து நடத்திய பெண்கள் கடனில் சிக்கினார்கள். ஒரு கண்ணி அறுந்ததும் மொத்தச் சங்கிலியும் ஆடியது.

சம்ருத்தி. கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எர்ணாகுளம் நார்த் பகுதியில் தொடங்கிய உணவகம். தொடங்கியபோது இங்கே சாப்பாடு 10 ரூபாய். இடம் மாநகராட்சியுடையது, உழைப்பு குடும்பஸ்ரீ பெண்களுடையது. மீன் வறுவல் போன்றவற்றுக்குத் தனி விலை. மலிவுச் சாப்பாட்டைத் தேடி வருகிற கூட்டத்திடம் மற்ற பண்டமும் விற்பதால், வருமானத்துக்கு இன்னொரு வாசல் இருக்கிறது.

மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருவர் பொறுப்பு, அவர்களில் யார் விலகினாலும் மறுநாள் கடை திறக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கே.

படி 1: வேலையைக் கண்ணிகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, சரக்கு வருவதிலிருந்து பணம் கைக்கு வருவது வரை ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதுங்கள். நம் மசாலாக் குழுவின் பட்டியல் இப்படி இருக்கும்:

1. மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு வாங்குதல்
2. சுத்தம் செய்தல், உலர்த்துதல்
3. அரைத்தல்
4. தரச் சோதனை
5. உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள்
6. பொட்டலம் கட்டுதல்
7. மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறைக்குக் கொண்டுபோதல்
8. விற்றல், பணம் வசூலித்தல்
9. சரக்கு வாங்கியதற்கும் பணம் வருவதற்கும் இடைப்பட்ட நாட்களுக்குக் கைமுதல்
10. கணக்கு

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள். நாமே செய்வது நா. கூலி கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடியது கூலி. பணம் கொடுத்தும் கிடைக்காதது, அல்லது ஒருவரின் நம்பிக்கையும் பெயரும் சேர்ந்தால்தான் நடப்பது கூட்டு.

அரைப்பதற்குக் கூட்டாளி வேண்டாம். மில்லில் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வேலை முடிந்தது. விற்பனைக்கு வேண்டும், முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் வந்து விற்கும் மிளகாய்த்தூளை யாரும் வாங்க மாட்டார்கள்.

குறிப்பு: "கூட்டு" என்று குறித்தவை நான்கைத் தாண்டினால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். முதல் ஆண்டில் மூன்று கூட்டாளிகளைப் பராமரிப்பதே பெரிய வேலை.

படி 2: ஏற்கெனவே செய்பவரைத் தேடுங்கள்

கண்ணிக்குப் புதிய ஆளை உருவாக்காதீர்கள். அந்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பவர் யார் என்று கேளுங்கள். கொச்சியில் தேட வேண்டிய இடங்கள் இவை.

விற்பனைக்கு: திருப்பூணித்துறையில் குடியிருப்போர் சங்கங்கள் வலுவானவை, அவற்றின் கூட்டமைப்பான ட்ரூராவும் இருக்கிறது. ஒரு சங்கத்தின் செயலாளர் சொன்னால் அந்தத் தெருவில் வாசல்கள் திறக்கும். ரயில் நிலையங்களில் 2022 முதல் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில் உள்ளூர்ப் பொருள்களுக்கு விற்பனை இடம் தருகிறார்கள். உங்கள் நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள்.

பெண்கள் குழுக்களுக்கு: குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது. அடியில் அயல்கூட்டம், அதன் மேல் வார்டு அளவில் ஏ.டி.எஸ்., உள்ளாட்சி அளவில் சி.டி.எஸ். என்று மூன்று அடுக்கு. இங்கே பலரும் அலைவது ஒரு காரணத்தால்: மட்டாஞ்சேரி கொச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது, திருப்பூணித்துறை தனி நகராட்சி. அரைப்பது அங்கே, விற்பது இங்கே என்றால் இரண்டு இடத்து சி.டி.எஸ்.களிடமும் பேச வேண்டும். ஒருவர் சம்மதித்தது இன்னொருவரைக் கட்டாது.

சரக்குக்கும் தரத்துக்கும்: மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் ஜூ டவுனிலும் தலைமுறையாக மிளகும் சுக்கும் ஏலக்காயும் விற்பவர்கள் இருக்கிறார்கள். மிளகைக் கையில் அள்ளி உருட்டியே ஈரம் சொல்லும் ஒருவரைக் கொள்முதல் ஆலோசகராகப் பிடியுங்கள். ஸ்பைசஸ் போர்டின் தலைமையகம் பாலாரிவட்டத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சோதனைக்கூடமும் உண்டு. சிறு குழுவின் மாதிரியை ஏற்பார்களா, கட்டணம் எவ்வளவு என்று போய்க் கேளுங்கள்.

கைமுதலுக்கு: சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு 1992இல் தொடங்கியது. அதன்படி குழுவின் சேமிப்பும் கணக்கும் ஒழுங்காக இருந்தால் அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். கர்நாடகத்தில் 1995இல் தொடங்கிய செல்கோ, ஏழை வீடுகளுக்குச் சூரிய விளக்கு விற்றதும் வங்கியைக் கூட்டாளியாக்கித்தான். விளக்குக்கு மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாத குடும்பத்துக்குக் கிராம வங்கி கடன் தந்தது. செல்கோ விளக்கைப் பொருத்தி, பழுதும் பார்த்தது. கடன் கொடுக்கும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

இயந்திரத்துக்கு: சுற்றுவட்டாரத்தில் அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலை, கொச்சி கப்பல் கட்டும் தளம் போன்ற பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதி செலவிடுகின்றன. அவர்களிடம் அரைவை இயந்திரம், உலர்த்தி போன்ற ஒருமுறைச் செலவுக்குக் கேளுங்கள். மாதச் சம்பளத்துக்குக் கேட்காதீர்கள். அந்தப் பணம் நின்ற மாதமே உங்கள் தொழிலும் நிற்கும்.

எதைப் பொதுவில் வைப்பது? ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள டோபி கானா என்னும் சலவைக் களத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே வேலை செய்கின்றன. இடத்தை 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. பார்த்துக்கொள்வது வண்ணார் சங்கம். துவைக்கும் அறை ஒவ்வொருவருக்கும் தனி. உலர்த்தும் களம் எல்லோருக்கும் பொது. வாடிக்கையாளர் அவரவருடையவர். விலை உயர்ந்ததையும் தனியாளால் கட்ட முடியாததையும் பொதுவில் வையுங்கள். வாடிக்கையாளரைப் பொதுவில் வைத்தால் சண்டை நிச்சயம்.

படி 3: முதல் சந்திப்பில் என்ன பேசுவது

போவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதில் அவருக்கு என்ன கிடைக்கும்? பதில் எழுத வரவில்லை என்றால் போகாதீர்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் கண் முகாம்கள் ஊர் ஊராகப் பரவியதற்கு உள்ளூர்க் கூட்டாளிகள் முக்கியக் காரணம். லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், அறக்கட்டளைகள், ஊர்ப் பெரியவர்கள் இடம் பார்த்தார்கள், விளம்பரம் செய்தார்கள், ஆட்களைத் திரட்டினார்கள். மருத்துவமனை மருத்துவர்களையும் சிகிச்சையையும் கொண்டுவந்தது. ஊர்ச் சங்கத்துக்கு நல்ல பெயர், மருத்துவமனைக்கு நோயாளிகள், நோயாளிக்குப் பார்வை. மூன்று பக்கமும் ஆதாயம் இருந்ததால், அடுத்த முகாமுக்கு ஊர்க்காரர்களே கூப்பிட்டார்கள்.

திருப்பூணித்துறையில் சி.டி.எஸ். தலைவியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படித் தொடங்காதீர்கள்:

"சேச்சி, நாங்க ஒரு நல்ல காரியம் பண்றோம். நீங்க சப்போர்ட் பண்ணணும்."

இதற்கு "பார்க்கலாம்" என்ற ஒரு பதில்தான் வரும். இப்படிப் பேசுங்கள்:

"சேச்சி, உங்க மாசச் சந்தையில எங்களுக்கு ஒரு மேசை போட இடம் வேணும். விக்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரெண்டு ரூபா உங்க அயல்கூட்டக் கணக்குக்கு வரும். மூணு மாசம் பார்ப்போம். சரிப்படலைன்னா விட்டுடலாம்."

அனுபவமுள்ளவர் உடனே கேட்கும் கேள்வி: "பாக்கெட் விக்காம தங்கிட்டா யாரு திரும்ப எடுப்பா?"

இந்தக் கேள்வி வந்தால் சந்திப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம். பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "நாங்களே எடுத்துக்கிறோம். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வராது."

குறிப்புகள்:
- போகும்போது பொருளைக் கொண்டுபோங்கள். ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூளை வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டுங்கள். நிறமும் மணமும் பேசட்டும்.
- கொச்சியில் தமிழில் சமாளித்துவிடலாம். ஆனால் கொடுத்துவிட்டு வரும் தாள் மலையாளத்தில் இருக்கட்டும். அந்தத் தாள்தான் அவருடைய கூட்டத்தில் சுற்றி வரும்.
- முதல் சந்திப்பில் பணம் கேட்காதீர்கள்.

படி 4: சின்னதாக ஓட்டிப் பாருங்கள்

ஒரு கூட்டாளி, ஒரு பொருள், மூன்று மாதம். இதற்கு மேல் முதலில் வேண்டாம்.

1. நான்கு பொடிகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். மிளகாய்த்தூள் எல்லா வீட்டிலும் தீரும், அதில் தொடங்கலாம்.
2. ஒரே குடியிருப்போர் சங்கத்தின் தெருக்களில் மட்டும் விற்றுப் பாருங்கள்.
3. மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: எத்தனை பாக்கெட் கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது, இரண்டாம் மாதம் எத்தனை வீடு மறுபடி வாங்கியது. மூன்றாவது எண்தான் முக்கியம். முதல் முறை முகத்துக்காக வாங்குவார்கள். இரண்டாம் முறை பொருளுக்காகத்தான் வாங்குவார்கள்.

எப்போது தொடங்குவது? ஜூன், ஜூலை வேண்டாம். கொச்சி மழையில் மிளகாய் காயாது. அரைத்த தூளும் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். ஜனவரியில் தொடங்கினால் மழைக்கு முன் சோதனை முடிந்துவிடும். ஓணத்துக்குள் கை பழகியிருக்கும். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாளில் திருப்பூணித்துறையில் அத்தச்சமய ஊர்வலம் நடக்கும்போது ஊரே தெருவில் இருக்கும். அன்றைக்குக் கடை போடுவது விளம்பரத்துக்கு நல்லது. ஆனால் சோதனை ஓட்டத்தை அன்று வைக்காதீர்கள். திருவிழா விற்பனையை வைத்து மாத விற்பனையைக் கணக்குப் போட்டால் கையில் சரக்கு தேங்கும்.

படி 5: எழுதி வையுங்கள்

நண்பர்களாக இருந்தாலும், குறிப்பாக நண்பர்களாக இருந்தால், எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். குடியிருப்போர் சங்கத்தோடு போடுவதற்கு ஒரு மாதிரி:

> ஒப்பந்தக் குறிப்பு
> 1. மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளை (200 கிராம்) குழு மாதத்தின் முதல் சனிக்கிழமை சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கும்.
> 2. சங்கம் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்து, மேசைக்கு இடம் தரும்.
> 3. விற்ற பாக்கெட்டுக்குச் சங்கத்துக்கு 2 ரூபாய். மாதம் 10ஆம் தேதிக்குள் வங்கி வழியாக.
> 4. விற்காத பாக்கெட்டைக் குழு திரும்ப எடுத்துக்கொள்ளும். மேசையில் உடைந்தது, நனைந்தது சங்கத்தின் பொறுப்பு.
> 5. தரம் பற்றிய புகார் நேராகக் குழுவின் தொலைபேசிக்கு வர வேண்டும். இரண்டு நாளில் மாற்றுப் பாக்கெட் அல்லது பணம்.
> 6. விலையை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்.
> 7. யார் விலகினாலும் 30 நாள் முன்னறிவிப்பு. அந்த 30 நாளும் மேசை இருக்கும்.

மில்லோடு போடும் ஒப்பந்தத்தில் சேதாரம் என்று ஒரு வரி கட்டாயம். காய்ந்த மிளகாயை அரைக்கும்போது ஈரம் போகும், காம்பும் தூசியும் கழியும், கொஞ்சம் இயந்திரத்தில் தங்கும். கொடுத்த எடை அப்படியே திரும்பி வராது. முதல் முறை அரைக்கும்போது பக்கத்தில் நின்று, போட்ட எடையையும் எடுத்த எடையையும் தராசில் பார்த்து, அந்த வித்தியாசத்தையே இருவரும் ஒப்புக்கொண்ட சேதாரமாக எழுதுங்கள். அதற்கு மேல் குறைந்தால் மில் பொறுப்பு. இந்த ஒரு வரி இல்லாமல் வருஷக் கணக்கில் முறுக்கிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. உங்களுக்கு முன் மல்லி அரைத்தார்களா, இயந்திரத்தைத் துடைத்தார்களா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 6: பணம் போகும் வழியைக் கட்டுங்கள்

1. குழுவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்கலாம்.
2. கூட்டாளிக்கு உரிய கமிஷன் எதுவும் ரொக்கமாகப் போகக்கூடாது.
3. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. 2006ஆம் ஆண்டு நுண், சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, நுண், சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய நிறுவனம் ஒப்புக்கொண்ட நாளில் பணம் தர வேண்டும். அந்த நாள் 45 நாளைத் தாண்டக்கூடாது. பெரிய கடைக்கோ ஓட்டலுக்கோ சரக்கு கொடுக்கும்போது உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள்.
4. சட்டம் இருந்தாலும் பணம் தாமதமாகத்தான் வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். இரண்டு மாதச் சரக்குக்கு வேண்டிய கைமுதல் இல்லாமல் பெரிய ஆர்டரை ஏற்காதீர்கள்.
5. மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கூட்டாளி வழியாகப் போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். போனால் உடனே இரண்டாவது ஆளைத் தேடத் தொடங்குங்கள். ஜனகீய ஹோட்டல்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

படி 7: மாதம் ஒருமுறை உட்காருங்கள்

கூட்டாளிகள் எல்லோரும் அரை மணி நேரம், ஒரே தாளோடு. தாளில் ஐந்து வரி போதும்: விற்றது, திரும்பியது, வந்த புகார், கொடுக்க வேண்டிய பாக்கி, அடுத்த மாதம் மாறப்போவது. புகாரை முதலில் பேசுங்கள். பாராட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை "இவர் இல்லாவிட்டால்" என்ற பயிற்சி செய்யுங்கள். ஒவ்வொரு கூட்டாளியின் பெயரையும் பட்டியலில் அடித்துவிட்டு, அந்த வேலையை அடுத்த நாள் யார் செய்வார் என்று எதிரே எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

1. கொடையாளரையும் கூட்டாளியையும் குழப்புவது. இயந்திரம் வாங்கிக் கொடுத்தவர் கொடையாளர். மாதாமாதம் உங்களோடு வேலை செய்பவர் கூட்டாளி. முன்னவருக்கு நன்றிக் கடிதம், பின்னவருக்குப் பங்கு.
2. பெரிய பெயரைத் துரத்துவது. பெரிய நிறுவனத்தின் கையெழுத்து போட்டோவுக்கு உதவும். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி சரக்கை நகர்த்துவார்.
3. விலையேற்றத்துக்கு இடம் விடாதது. வங்கதேசத்தில் 2006இல் முகமது யூனுஸின் கிராமீன் குழுமமும் பிரான்சின் டானோன் நிறுவனமும் கூட்டாக, ஏழைக் குழந்தைகளுக்குச் சத்து சேர்த்த தயிர் விற்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக விற்றார்கள். 2008இல் பால் விலை ஏற, தயிர் விலையையும் ஏற்றினார்கள். கிராமத்து விற்பனை சட்டென்று விழுந்தது. பிறகு கோப்பையைச் சிறிதாக்கி விலையைக் குறைத்தார்கள், நகரத்திலும் விற்றார்கள். நகர விற்பனை கிராமத்து விலையைத் தாங்கியது. மிளகாய் விலை ஏறும் ஆண்டில் என்ன செய்வீர்கள் என்று இன்றே முடிவெடுங்கள்: சின்னப் பாக்கெட் போடுவதா, ஓட்டல்களுக்கு வேறு விலையில் விற்று ஈடுகட்டுவதா?
4. ஒரே ஆளோடு எல்லாம் பேசுவது. சங்கச் செயலாளர் மாறுவார், அதிகாரி மாற்றலாகிப் போவார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேருக்காவது உங்களைத் தெரிந்திருக்கட்டும்.
5. தன்னார்வலரை நிரந்தர ஆள் என்று நம்புவது. வெள்ளம் போன்ற நெருக்கடியில் ஊர் கூடித் தேர் இழுக்கும். ஆறு மாதம் கழித்து அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். தொடர்ந்து நடக்க வேண்டிய வேலைக்குக் கூலி வையுங்கள்.
6. பெயரை விட்டுக்கொடுப்பது. உங்கள் பிராண்ட் பெயரின் வணிகக் குறி பதிவு உங்கள் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். விற்றுத் தருபவரின் பெயரில் பதிவானால், அவர் விலகும் நாளில் பெயரும் போகும்.

பாதுகாப்பு: மீறினால் தொழிலே நின்றுவிடும் இடங்கள்

உணவுப் பாதுகாப்பு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அரைத்து வேறொருவர் பெயரில் விற்றால், தயாரித்தவர், விற்பவர் இரண்டு விவரமும் லேபிளில் வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட தேதி, புகாருக்கான தொடர்பு ஆகியவை இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு தடவை அரைத்ததற்கும் ஒரு எண் கொடுத்து, அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாக்கெட்டை உங்களிடம் எடுத்து வையுங்கள். புகார் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர் உங்கள் சங்கத்துக்கு நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. வளைகுடாவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அமைப்பு தான் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் கூடாது. "எங்க கணக்குல வாங்கி உங்களுக்குத் தர்றோம்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2021 ஏப்ரல் 1 முதல், இந்த நிதியில் திட்டம் நடத்தும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். நேற்றுத் தொடங்கிய குழுவுக்கு இது கிடைக்காது. பதிவும் அனுபவமும் உள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, அவர்கள் திட்டத்தை நடத்த நீங்கள் பயன்பெறும் குழுவாக இருப்பதே நடைமுறை. இயந்திரத்தின் உரிமை யாருக்கு, திட்டம் முடிந்தபின் எங்கே இருக்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

பெண்களின் பாதுகாப்பு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013இன்படி உள் புகார்க் குழு கட்டாயம். வீடு வீடாக விற்கப் போகும் பெண்கள் இருவராகப் போகட்டும். இருட்டுவதற்குள் வசூல் முடியட்டும். கையில் ரொக்கம் சேராமல் க்யூ.ஆர். அட்டை வழியாக வாங்கட்டும்.

படமும் கதையும். கொடையாளருக்கு அனுப்பும் படத்தில் இருக்கும் பெண்ணிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவருடைய கடனும் குடும்பத் துயரமும் உங்கள் விளம்பரத்துக்கான சரக்கல்ல.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் சரிபார்க்க

- கண்ணிப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்கிறதா?
- ஒவ்வொரு கூட்டாளிக்கும் கிடைக்கும் ஆதாயத்தை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களா?
- திரும்பி வரும் சரக்கு, சேதாரம், விலகல் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா?
- எந்த ஒரு கூட்டாளியும் விற்பனையில் பாதிக்கு மேல் பிடித்திருக்கவில்லையே?
- பிராண்ட் பெயர், உணவுப் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றும் குழுவின் பெயரில்தானே?

ஐந்துக்கும் பதில் சரியாக இருந்தால் அடுத்த கூட்டாளியைத் தேடத் தொடங்கலாம். நான்காவது மட்டும் இடித்தால், படி 6இல் சொன்னபடி விற்பனைக்கு இரண்டாவது ஆளைத் தேடுங்கள். மற்றவற்றில் ஒன்று இடித்தால்கூடப் புதியவர் யாரையும் சேர்க்காதீர்கள். இருப்பவரோடு உட்கார்ந்து அதை முதலில் சரிசெய்யுங்கள்.